புறா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை. நான்கு தையல் மெஷின்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கொட்டகை முழுக்க சொல்யூஷன் வாசனை. செருப்பின் அடியையும் மேல்பாகத்தையும் ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஆம்பூரில் அதுதான் பெயர். நான் ஜன்னலோரம் நின்று போனைத் தட்டினேன். வரவில்லை. திரும்பத் தட்டினேன்.

திரையில் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத இடம். நடுவில் ஒரே ஒரு வரி. இந்தப் பக்கம் இப்போது கிடைக்கவில்லை.

“ஷமீம், நம்ம வாழ்த்துப் பக்கத்தைக் காணோம்!”

ஷமீம் ஒரு செருப்பு வாரைக் கையில் பிடித்துத் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“காணோம்னா இன்னா அர்த்தம்? போன்ல இருக்கிறது எழுந்து எங்க போவும்?”

“நேத்து சாயந்திரம் இருந்துச்சு. இப்ப இல்ல.”

“நெட்டு கம்மியா இருக்கும். வெளிய போய் நின்னு பாரு.”

வெளியே போய் நின்றேன். முருங்கை மரத்தடியில் நின்றேன். ரோட்டுக்கே போய், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற அளவுக்கு நடுவில் நின்றேன். மூன்று இடத்திலும் அதே வரிதான்.

மறுநாள் சனிக்கிழமை. அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் ஆறு வாரமாக என் தலையை நானே பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தட்டு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் ஷமீமும் ஒரே ஷூ கம்பெனியில் இருந்தவர்கள். அவள் தையல் பிரிவில் சூப்பர்வைசர். நான் சாம்பிள் ரூமில் அட்டையில் பேட்டர்ன் வெட்டுகிறவள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்து டேபிளில் வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து, மிஞ்சிய அட்டையில் வெட்டிப் பழகியதுதான்.

ஆர்டர் குறைந்து எங்கள் பிரிவை மூடியபோது ஐந்து பெண்கள் சேர்ந்து சொந்தமாகச் செருப்புத் தைக்க ஆரம்பித்தோம். ஷமீமின் கொழுந்தனார் கொட்டகையில் இடம் கொடுத்தார். கால் வீங்கியவர்கள், சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள் போடுகிற மாதிரி, உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. பெயர் ‘மெல்லடி’.

அந்தக் கொழுந்தனார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் தொழில் இருக்கிறது. “அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க அண்ணி. ஒரு கடையாவது ரெகுலரா எடுத்தா இருங்க. இல்லேன்னா தோல் அடுக்க எனக்கு எடம் வேணும்” என்று சொல்லிவிட்டார்.

இடம் போனால் ஐந்து பேரும் ஐந்து திசை. செல்வி பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாற்பது வயது, சிரித்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அவள் திரும்பவும் பீடி சுற்றத்தான் போக வேண்டும். “முறத்து முன்னாடி குனிஞ்சா, நிமிர்றதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்துடுதுக்கா” என்பாள். ஒருத்தி இப்படி ஒரு வரி சொன்னால் எனக்கு அது ஒரு வாரம் காதிலேயே இருக்கும்.

எடுக்கக்கூடிய கடை என்று இருந்தது ஒன்றே ஒன்று. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஊன்றுகோல், இடுப்பு பெல்ட், சக்கர நாற்காலி எல்லாம் விற்கிற சந்தானம் சாரின் கடை. முதல் தடவை போனபோது எங்கள் செருப்பை வளைத்தார், முகர்ந்தார், கட்டைவிரலால் உள்ளே அழுத்தினார்.

“சரக்கு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இங்க வர்றவங்க பாதிப் பேரு வெளி ஸ்டேட்டு. ஒரு கையில செருப்பை எடுப்பாங்க, இன்னொரு கையில போனை எடுப்பாங்க. பேரைத் தட்டிப் பாப்பாங்க. லோகோ, பக்கம், நாலு பேரு எழுதினது எல்லாம் இருந்தாத்தான் நம்புவாங்க. ஆறு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை வாங்க. நானும் அன்னிக்குத் தட்டிப் பாக்கறேன். சரியா இருந்தா அலமாரியில ஒரு தட்டு உங்களுக்கு.”

பஸ்ஸில் திரும்பும்போது ஷமீம் ஆம்பூர் வரைக்கும் ஒரே பாட்டு. “காலு இருக்கு, செருப்பு இருக்கு, போட்டுப் பாக்கறதை விட்டுட்டு விரலால தட்டிப் பாப்பாங்களாம்.”

நத்தை, கொக்கு, புறா

லோகோ என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இருபது வருஷம் மற்றவர்களின் லோகோவை ஷூவில் அடித்துத்தானே சோறு தின்றோம். நட்சத்திரம், குதிரை, வளைந்த கோடு, எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஆனால் நமக்கென்று ஒன்று வேண்டும் என்றதும் என் புத்தி சுத்தமாக நின்றுவிட்டது.

போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் ‘எளிமையாக இருக்க வேண்டும்’ என்றார். இன்னொருவர் ‘தனித்துத் தெரிய வேண்டும்’ என்றார். மூன்றாமவர் ‘லோகோ உங்கள் கதையைச் சொல்ல வேண்டும்’ என்றார். எங்கள் கதையை நான் வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியே முடியவில்லை. விரல் நகம் அளவு வட்டத்துக்குள் எப்படி அடக்குவது?

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் கேட்டேன்.

“மெல்லடின்னா மெதுவா நடக்கிறது. நத்தை போட்டுடலாமா?” என்றேன் நானே முதலில்.

ஷமீம் முறைத்தாள். “நடக்க முடியலியேன்னு அழுதுகிட்டு வர்றவங்களுக்கு நத்தையைக் காட்டுவியா? நல்லாருக்கு.”

“கொக்கு?” என்றாள் செல்வி. “பாலாத்துல நிக்குமே, அழகா.”

“ஒத்தைக் கால்ல நிக்கிறதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல விக்கப்போறியா?” என்று நான் கேட்டதும் செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் புறா வந்தது ஷமீமின் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து. அங்கே புறா வளர்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனவள் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்கத் தெரிந்த பறவை, ஆனால் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலை எடுத்து வைக்கும், தலையை ஆட்டும், அடுத்த காலை வைக்கும். அவசரம் என்பதே இல்லை.

எனக்குப் பென்சிலால் வரைய வராது. கத்தியால் வெட்டினால் வரும். பேட்டர்ன் அட்டையில் வெட்டினேன். ஒரு கால் தரையில், ஒரு கால் லேசாகத் தூக்கி, மார்பை நிமிர்த்தி நடக்கிற புறா. ஷமீம் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கொஞ்சம் குண்டா இருக்கு.”

“குறைச்சிடவா?”

“வேணாம். நம்மள மாதிரியே இருக்கு.”

திருப்பிப் போட்டால் அடுத்த கால்

இங்கேதான் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்தாலும் அப்படித்தான் தெரியுமோ என்னவோ.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஷூவின் வெளிப்பக்கத்தில் ஓடுகிற நாய் மாதிரி ஒரு சின்னம். அதை அடித்தவர்கள் இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் அடித்துவிட்டார்கள். இடது ஷூவில் நாய் கால்விரலை நோக்கி ஓடியது. வலது ஷூவில் குதிகாலை நோக்கி ஓடியது. எங்கள் மாஸ்டர் ஒரு ஜோடியை எடுத்துத் தன் டேபிளில் வைத்தார். சத்தமே போடவில்லை. “ஒரு காலு ஆபீசுக்குப் போவுது, ஒரு காலு வீட்டுக்குத் திரும்புது. எவன்டா இதைப் போட்டுக்கிட்டு நடப்பான்?” என்றார்.

அத்தனை வலது ஷூவையும் பிரித்துப் புதுத் தோல் வைத்துத் தைத்தோம். பிரித்தவர்களில் நானும் ஒருத்தி. விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த கோடு. அன்றிலிருந்து எனக்கு ஒரு சின்னம் என்றால் இரண்டு. இடது காலுக்கு இடப்பக்கம் பார்ப்பது ஒன்று, வலது காலுக்கு வலப்பக்கம் பார்ப்பது ஒன்று. இரண்டும் விரலை நோக்கித்தான் போக வேண்டும்.

பேட்டர்ன் வேலையும் அப்படித்தான். அட்டையை ஒரு தடவை வெட்டினால் போதும். திருப்பிப் போட்டால் அடுத்த கால்.

அதனால் புறா அட்டையையும் திருப்பிப் போட்டேன். இரண்டு அச்சு செய்யக் கொடுத்தோம். செல்விதான் சூடு மெஷினில் அடிப்பாள். இடது வாரில் இடப்பக்கம் பார்க்கும் புறா, வலது வாரில் வலப்பக்கம் பார்க்கும் புறா. ஜோடியாக வைத்தால் இரண்டும் சேர்ந்து எங்கோ கிளம்பின மாதிரி இருக்கும்.

பிறகு போன். எங்களுக்கு இரண்டு பக்கங்கள். இளசுகள் ஆடுகிற வீடியோ வரும் ஒன்றை ஷமீம் ‘ரீல் பக்கம்’ என்பாள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்துப் போடும் இன்னொன்றை ‘வாழ்த்துப் பக்கம்’ என்பாள். இரண்டிலும் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, லோகோ வைக்க.

இரண்டு வட்டம். என்னிடம் இரண்டு புறா.

நான் யோசிக்கவே இல்லை, ஐயா. ரீல் பக்கத்தில் இடது புறாவை வைத்தேன். வாழ்த்துப் பக்கத்தில் வலது புறாவை வைத்தேன். ஜோடி முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்று போனில் மூன்று பிரவுன்

நிறத்திலும் ஒரு பேஜார் நடந்தது. வீடியோக்காரர்கள் எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம், ‘எல்லா இடத்திலும் ஒரே நிறம் இருக்க வேண்டும்’. இது எனக்குப் புரிந்த விஷயம். கம்பெனியில் வாங்குகிறவர் ஒரு துண்டுத் தோலில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். லாட்டு முழுக்க அந்தத் துண்டோடு ஒத்துப்போக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாங்களும் ஒரு துண்டு எடுத்தோம். தேன் நிறத்தில் பிரவுன். ஷமீம் பின்னால் கையெழுத்துப் போட்டாள். அதைப் படம் எடுத்துப் புறாவுக்குப் பின்னால் வைத்தேன்.

என் போனில் அது செங்கல் நிறம். ஷமீம் போனில் மஞ்சள் பூசின மாதிரி. செல்வியின் போன் திரை கீறல் விழுந்தது, அதில் கருப்பட்டி. மூன்று போனையும் வரிசையாக வைத்து நடுவில் தோல் துண்டை வைத்தேன். நான்கும் நான்கு நிறம்.

“எது நம்மளது?” என்றாள் செல்வி.

“இதுதான்” என்று துண்டைத் தொட்டேன். “இதை எப்படிப் போனுக்குள்ள அனுப்பறதுன்னுதான் தெரியல.”

அதுவும் போகட்டும். ரீல் பக்கத்துக்குக் காலையில் எடுத்த படம், வாழ்த்துப் பக்கத்துக்குச் சாயந்திரம் எடுத்த படம். எழுத்தும் ஒன்றில் குண்டு, ஒன்றில் ஒல்லி. ஒவ்வொரு நாளும் எந்த எழுத்து அழகாகப் பட்டதோ அதைப் போட்டேன். பூ வைத்துக்கொள்கிற மாதிரி, இன்றைக்கு மல்லி, நாளைக்குக் கனகாம்பரம்.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். முக்கியமாக வாழ்த்துப் பக்கத்தில். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு நர்ஸம்மா, தன் அப்பாவின் காலைப் படம் எடுத்துப் போட்டு ‘மூணு மாசத்துக்கு அப்புறம் வாசல் வரைக்கும் நடந்தார்’ என்று எழுதியிருந்தார். அந்த மாதிரி இருபது, முப்பது பேர் எழுதினது அங்கேதான் இருந்தது. சந்தானம் சார் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

அதுதான் இப்போது காணவில்லை.

எதிரி யார்?

போனில் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். ‘உங்கள் பக்கம் வேறொரு நிறுவனத்தைப் போல் நடிப்பதாகப் பலர் புகார் செய்துள்ளனர்’ என்று இருந்தது. நான் ஷமீமுக்குப் படித்துக் காட்டினேன்.

“நாம யாரு மாதிரி நடிக்கிறோமாம்?”

“மெல்லடி மாதிரி.”

“நாமதானே மெல்லடி?”

“நாம மெல்லடி மாதிரி நடிக்கிற மெல்லடியாம்.”

ஷமீம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க, ஸ்டெல்லா. நம்ம சரக்கைப் பாத்து வயிறு எரிஞ்சவங்க.”

யார் என்று இருவரும் யோசித்தோம். ஆம்பூரில் செருப்புத் தைக்கிற யூனிட்டுக்குப் பஞ்சமா? தெரிந்த முகம் ஒவ்வொன்றாக வந்து என் கண்முன் நின்றது. போன மாதம் ரோட்டில் பார்த்துச் சிரிக்காமல் போனவர். எங்கள் ரப்பரை எங்கே வாங்குகிறோம் என்று இரண்டு தடவை கேட்டவர். ஒன்றரை மணி நேரத்தில் பாதி ஊரை எதிரியாக்கிவிட்டோம். அந்தப் பாதி ஊருக்கு இப்போது மனசார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தைத் திரும்பக் கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில். எப்போது என்று இல்லை. (பதினொரு நாள் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி அது திரும்பி வந்தது. ஏன் போனது என்று எழுதினார்கள், ஏன் வந்தது என்று எழுதவில்லை.)

சாப்பாட்டு நேரத்தில்

மதியம் டிபன் பாக்ஸ் திறந்து வட்டமாக உட்கார்ந்தோம். செல்வி மட்டும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். எல்லாருக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள்.

“இன்னிக்கு ஒரு விஷயம் சொல்லணும்க்கா. மொதல்ல சாப்புடுங்க.”

“சொல்லுடி.”

“நம்ம பேர்ல ஒரு டூப்ளிகேட் வந்துச்சு. நான் ஒழிச்சிட்டேன்.”

என் கை பாதியில் நின்றது.

“நேத்துப் பஸ்ல எங்க ஊரு பொண்ணு ஒருத்தி போன்ல காட்டினா. நான் பாக்கிற ரீல் பக்கம் இல்ல, வேற ஒண்ணு. மெல்லடின்னு போட்டிருக்கு. ஆனா புறா நம்ம புறா இல்ல. அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. கலரு வேற, எழுத்து வேற. எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. நாம கையில சூடு பட்டுப் பட்டு அடிக்கிறோம், எவனோ திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். பஸ்ல வந்த அத்தனை பொண்ணுங்க போனையும் வாங்கி, ஆளுக்கு ஒரு தடவ ரிப்போர்ட் அமுக்கினேன். வீட்டுக்குப் போய்ச் சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, எல்லாரையும் அமுக்க வெச்சேன். காலைல பாத்தா ஆளே காணோம்!”

ஷமீம் டிபன் பாக்ஸை மூடினாள்.

செல்வி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

“இன்னாக்கா?”

“செல்வி, அது நம்மளது” என்றேன். “நான்தான் போட்டேன். வலது காலு புறா.”

“நம்மளதா?”

“நீ தினமும் வலது வார்ல அடிக்கிறியே, அதேதான்.”

அவள் கரண்டியைக் குழம்பிலேயே வைத்துவிட்டாள். “செருப்புல இருந்தாத் தெரியும்க்கா. பக்கத்துல இடது இருக்கும், ஜோடின்னு புரியும். போன்ல செருப்பே இல்ல. வட்டத்துக்குள்ள அது மட்டும் தனியா நிக்குது. நான் இன்னான்னு நெனைப்பேன்?”

ஆறு வாரம் வீடியோ பார்த்து எனக்கு விளங்காததை அவள் கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அப்போதும் எனக்குப் பாதிதான் விளங்கியது.

“நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்” என்றாள், கண் கலங்கி.

“நீ நின்னா சூடு மெஷின் யாரு, உங்க ஊட்டுக்காரரா வந்து ஓட்டுவாரு?” என்றாள் ஷமீம். “உக்காந்து தின்னு. நாளைக்கு நீயும் வேலூருக்கு வர்ற.”

கீழ்த்தட்டு

சனிக்கிழமை சந்தானம் சார் கடையில் கூட்டம். நாங்கள் மூவரும் ஊன்றுகோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். செல்வி குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போல் செருப்புப் பையை அணைத்திருந்தாள். பக்கம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஏழெட்டுப் பதில் யோசித்து வந்திருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

அவர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்கம்மா, வாங்க! உங்க பேர்ல டூப்ளிகேட் வந்துச்சாமே?”

போனை நீட்டினார். ஏதோ குரூப்பில் சுற்றி வந்திருந்த செய்தி. ‘உஷார்! மெல்லடி பேர்ல டூப்ளிகேட் வந்திருக்கு. ஒரிஜினல் புறா இடது பக்கம் பாக்கும். வலது பக்கம் பாத்தா வாங்காதீங்க. எல்லாருக்கும் அனுப்பவும்.’

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். ரிப்போர்ட் அடித்ததைச் சொன்னவள் இதைச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“டூப்ளிகேட் போடற அளவுக்கு ஓடுதா உங்க சரக்கு? சும்மா ஒருத்தன் காப்பியடிக்க மாட்டான். நான் மொதல்லயே எடுத்திருக்கணும்” என்று சந்தானம் சார் கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக இருந்த தட்டைக் காட்டினார். “இந்தத் தட்டு உங்களுக்கு. எடுங்க பாப்போம் சரக்கை.”

ஷமீம் என் இடுப்பைக் கிள்ளினாள். சும்மா இரு என்று அர்த்தம். எனக்கும் சும்மா இருக்கத்தான் ஆசை. கண்ணுக்கு நேராக ஒரு தட்டு! கொட்டகை இருக்கும், ஐந்து பேரும் இருப்போம்.

அவர் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தார். இடதைப் பார்த்தார், தலையாட்டினார். வலதைப் பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்ப வலதைப் பார்த்தார்.

“இது வலது பக்கம் பாக்குதே?”

இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஜோடியில ஒரு காலு ஒரிஜினல், ஒரு காலு டூப்ளிகேட்டா? எப்டிம்மா, டூப்ளிகேட் சரக்கு உங்க பையிலயே கலந்துடுச்சா?”

ஆமாம், கலந்துவிட்டது, மாற்றிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஷமீமின் விரல் இன்னும் என் இடுப்பிலேயே இருந்தது. ஆனால் அந்த வலது செருப்பு அவர் கையில் இருந்தது. நான் வெட்டி, ஷமீம் தைத்து, செல்வி சூட்டில் அடித்தது. அதை டூப்ளிகேட் என்று சொல்ல என் வாய் வரவில்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

“டூப்ளிகேட்டே இல்ல சார்” என்றேன். “ரெண்டும் எங்களதுதான். நான் ரெண்டு பக்கத்துலயும் ரெண்டு புறா போட்டுட்டேன். எங்க ஆளே பாத்து, வேற யாரோன்னு நெனைச்சு, ரிப்போர்ட் அடிச்சு மூடிட்டாங்க.”

“உங்க பக்கத்தை உங்க ஆளே மூடிட்டாங்களா?”

“நான்தான் சார்” என்றாள் செல்வி, தரையைப் பார்த்தே. “நாப்பது பேரைக் கூட்டியாந்து மூடினேன்.”

சந்தானம் சார் எங்கள் மூவரையும் பார்த்தார். சிரிக்கிறாரா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ உங்களை ஒருத்தரும் காப்பியடிக்கலை.”

“இன்னும் இல்ல சார்” என்றாள் ஷமீம்.

கண்ணுக்கு நேராக இருந்த தட்டிலிருந்து அவர் கை கீழே இறங்கியது. இறங்கி, இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே இருந்த கடைசித் தட்டில் நின்றது. வாசலில் நுழைந்தால் இடப்பக்கச் சுவரோரம்.

“இது தரேன். ரெண்டு மாசம் பாப்போம். ஒரே புறாவா போட்டுட்டு வாங்க, போன்ல.”

“எந்தப் புறாவை சார்?” என்றேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் நியாயமாக ஒரு காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

“அதை என்னைக் கேட்டா? நான் தட்டுல ஒரு காலுதான் வைப்பேன். ஜோடியா வெச்சாப் போட்டுக்கிட்டே போய்டறாங்க. செருப்பு முனை வாசலைப் பாக்கணும், வெளிப்பக்கம் ஆளுங்களைப் பாக்கணும்.”

நான் குனிந்து வைத்துப் பார்த்தேன். அந்தச் சுவரில், முனை வாசலைப் பார்த்து, வெளிப்பக்கம் தெரிய வேண்டுமென்றால் இடது செருப்பை மட்டும்தான் வைக்க முடியும். வலதை வைத்தால் புறா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. எதிர்ச்சுவரில் தட்டுக் காலியாக இருந்திருந்தால் எங்கள் மெல்லடிப் புறா வலப்பக்கம் பார்த்திருக்கும். எல்லா வீடியோவும் பார்த்த பிறகு எங்கள் லோகோ அப்படித்தான் முடிவானது.

கையை எடுக்கவில்லை, அதற்குள் ஒரு சக்கர நாற்காலி பக்கத்தில் வந்து நின்றது. சித்தூர்ப் பக்கத்து அம்மா. இரண்டு பாதமும் உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. நிற்கிறவர்களுக்குக் கீழ்த்தட்டு. அந்த அம்மாவுக்குக் கை நீட்டினால் எட்டுகிற இடம். செருப்பை எடுத்து மடியில் வைத்து உள்ளே அழுத்திப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, “இங்கொகட்டி ஏதம்மா?” என்றார், இன்னொரு கால் எங்கே என்று.

செல்விக்குத் தெலுங்கு வரும். அவள் ஊர் ஆந்திர எல்லையோரம். “இதிகோம்மா” என்று பையிலிருந்து வலது காலை எடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு வாரையும் பிரித்து, அந்த அம்மாவின் பாதங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்.

அந்த அம்மா புறாவைப் பார்க்கவே இல்லை. தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மெதுவாக அசைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, “பட்டுகோ” என்று, பிடித்துக்கொள்ளச் சொல்லி, செல்வியின் தோளில் கை வைத்தார், எழுந்து நிற்க.